ஷென் லி-யுன் நிறுத்தச் சொன்ன வேலை

மேடையில் அமர்ந்திருக்கும் பூதாய் மீன் வளர்ப்போர் சங்கத் தலைவர் அவர்களே, தைபேயிலிருந்தும் ஷின்சூவிலிருந்தும் காலை ரயிலைப் பிடித்து வந்திருக்கும் இயங்குதளத் திட்டத்தின் நண்பர்களே, குளத்து வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, சோல் நகரிலும் ஒசாகாவிலும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும், இதுவரை முகம் பார்த்திராத தோழர்களே, எல்லாருக்கும் மேலாக, முதல் வரிசையில் தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கும் ஹோ போ-ரென் அண்ணன் அவர்களே! துயரமான இந்த வேளையில் உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

என் பெயர் யென் ஜியா-ஹொங். மறைந்த ஷென் லி-யுன் அவர்களோடு ஷின்சூவில் ஒரே நிறுவனத்தில் ஒரே மேசையின் இரண்டு முனைகளில் வேலை பார்த்தவன். அந்த மேசையை விட்டு வந்த பிறகும், உலகம் முழுவதிலுமிருந்து அவருக்கு வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தவன். என்னைவிட வயதில் மூத்தவர் என்பதால் அவரை நான் அக்கா என்றுதான் அழைத்தேன். இன்றும் அப்படியே அழைக்கிறேன்.

மாலை போட்ட அந்தப் படத்தைப் பாருங்கள். நிறுவனத்து அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம். அக்காவுக்கு வேறு நல்ல படமே இல்லை. படம் எடுக்க யாராவது கைப்பேசியைத் தூக்கினால், "அந்தக் கேமராவ வெச்சு என் மூஞ்சிய எடுக்கறதுக்கு, அந்த போர்டுல எந்த எழுத்து அச்சடிச்சிருக்குன்னு எடுத்து அனுப்பு, உருப்படியா இருக்கும்" என்பார். அப்படிப்பட்டவரைப் பூக்களுக்கு நடுவில் உட்கார வைத்திருக்கிறோம். அவரால் எழுந்து ஓட முடியவில்லை. அதுதான் சாவு.

அன்பர்களே! ஷென் லி-யுன் என்ன செய்தார்? ஊரில் பலருக்கு இன்னும் சரியாகத் தெரியாது. காலைச் சிற்றுண்டிக் கடைக்காரர் ஹோ போ-ரென்னின் மனைவி என்று தெரியும். கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் எப்போதும் சின்னச் சின்ன விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்கும் என்று தெரியும். அவ்வளவுதான்.

உங்கள் குளக்கரையில் ஒரு பெட்டி இருக்கிறது. தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் அது துடுப்புச் சக்கரங்களைச் சுழல வைக்கிறது. அந்தப் பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் ஒரு பலகைக் கணினி உண்டு. பேச்சில் நாங்கள் அதை போர்டு என்போம். ஒரு முழுக் கணினியும் அந்த ஒரே பலகையில் அடங்கிவிடும். அதைச் செய்தது நாங்கள் வேலை பார்த்த நிறுவனம். கொஞ்ச காலம் செய்தார்கள், விற்றார்கள், புதியதொன்று வந்ததும் பழையதைக் கைகழுவினார்கள். ஆனால் பெட்டிகள் குளக்கரையில் இருந்தன. பலகைகள் வேலை செய்துகொண்டிருந்தன. அவற்றை எழுப்பி வேலை வாங்குகிற மென்பொருள்தான் இயங்குதளம். அது யாருக்கும் சொந்தமில்லாதது, எவரும் திறந்து படிக்கலாம், திருத்தலாம், காசு கேட்காது. ஆனால் இயங்குதளம் வளர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு முறை வளரும்போதும், இந்தப் பழைய பலகையின் நினைவகம் எங்கே, கடிகாரம் எங்கே, கம்பி எங்கே என்று அதற்கு மறுபடி ஒருவர் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால், நல்ல பலகையும் குப்பைதான். பழைய இயங்குதளத்தோடு அப்படியே விட்டுவிட்டாலோ, எங்கோ உட்கார்ந்திருக்கும் திருடன் உங்கள் குளத்துச் சக்கரத்தை நிறுத்தலாம்.

இந்தப் பலகைக்கும், இப்படியே கைவிடப்பட்ட வேறு சில ரகப் பலகைகளுக்கும், சொல்லிக் கொடுக்கும் அந்த ஒருவராக ஷென் லி-யுன் இருந்தார். சம்பளம் இல்லாமல் இருந்தார். கேட்க ஆளில்லாமல் இருந்தார்.

நிறுவனம் அந்தப் பலகையைக் கைவிட்ட அன்று நான் பக்கத்தில் இருந்தேன். மேலாளர் வந்து, "அந்த போர்டு செத்துப்போச்சு லி-யுன். விட்டுட்டு அடுத்ததப் பாரு" என்றார்.

"செத்துப்போச்சுன்னு யாரு சார் சொன்னது? நேத்து பூதாயிலேர்ந்து ஒருத்தர் அதப் பத்திக் கேள்வி கேட்டிருக்காரு. செத்ததப் பத்தி யாராவது கேள்வி கேப்பாங்களா?"

"கேப்பாங்க. எப்படிச் செத்துதுன்னு கேப்பாங்க."

மேலாளரும் சிரித்தார், அக்காவும் சிரித்தார். சிரித்துவிட்டு, அடுத்த பருவத்தில் வேலையை விட்டுவிட்டுக் கணவரின் ஊரான இந்தப் பூதாய்க்கு வந்துவிட்டார். காலையில் கடையில் சோயாப்பால் ஊற்றிக் கொடுப்பார். கூட்டம் குறைந்ததும் பின்னறைக்குப் போய்ப் பலகைகளோடு உட்காருவார். "என் பொண்டாட்டி ரெண்டு கடை நடத்துறா. ஒண்ணுல காசு வரும், இன்னொண்ணுல திட்டு வரும்" என்று போ-ரென் அண்ணன் வாடிக்கையாளர்களிடம் சொல்வார்.

திட்டு வந்தது உண்மை. ஊர் பேர் தெரியாத ஒருவன் ஒருமுறை எழுதினான்: "ஓசியில குடுக்கறதுன்னா இப்படித்தான் இருக்கும்." நான் கொதித்துப்போய்ப் பதில் எழுத உட்கார்ந்தேன். அக்கா தடுத்தார். "விடுப்பா. கோவத்துல இருக்கான்னா அந்த போர்ட நம்பி ஏதோ வேலை வெச்சிருக்கான். என்ன வேலைன்னு கேளு." கேட்டேன். ஆலிஷான் மலையில் தேயிலைத் தோட்டத்துக்கு உறைபனி எச்சரிக்கை! அந்த வாரமே அக்கா அதைச் சரிசெய்தார். நன்றி என்று ஒரு சொல் வந்ததா? வரவில்லை.

நண்பர்களே, இப்போது நான் சொல்லப்போவது இந்த மண்டபத்தில் ஒருவருக்கு வலிக்கும். அவரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். இரண்டாம் வரிசை ஓரத்தில் வெங் ஜின்-ஷுய் அண்ணன் அமர்ந்திருக்கிறார். களவா மீன் வளர்ப்பவர்.

ஒரு கோடையில் அக்கா புதிய பதிப்பை வெளியிட்டார். தன்னிடம் இருந்த பலகைகளில் எல்லாம் போட்டுப் பார்த்து, சரி என்று தெரிந்த பிறகே வெளியிட்டார். குளத்துப் பெட்டிகள் விடிகிற நேரத்தில் அதைத் தாமாகவே இறக்கிக்கொண்டு, அணைந்து, மறுபடி எழுந்தன. ஜின்-ஷுய் அண்ணனின் பெட்டி அணைந்தது. எழவில்லை. காற்றே இல்லாத, மேகம் மூடிய காலை. சக்கரங்கள் நின்றுவிட்டன. அவர் குளத்துக்கு வந்தபோது தண்ணீர் தெரியவில்லை. வயிறு வெளுத்துக் கிடந்த மீன்கள்தான் தெரிந்தன.

அவர் நேரே சிற்றுண்டிக் கடைக்கு வந்தார். கடையில் கூட்டம் நிரம்பி வழிகிற நேரம்.

"உன் பொண்டாட்டி எங்கய்யா? வெளிய வரச் சொல்லு! வந்து பாக்கச் சொல்லு!"

"அண்ணே, உக்காருங்க. என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

"உக்கார்றதா? என் குளமே மெதக்குது! பொட்டி புதுசா ஏதோ போட்டுக்கிட்டுதாம், அப்புறம் எந்திரிக்கலியாம்! வெளையாட்டுச் சாமான்னு நெனச்சாளா அவ? அது என் பொழப்புய்யா!"

அக்கா பின்னறையிலிருந்து வந்தார். எதுவும் விளக்கவில்லை. "வாங்க அண்ணே, போலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவருடைய வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். அன்று முழுவதும் இடுப்பளவு தண்ணீரில் நின்று, அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து, செத்த மீன்களை வலையில் வாரிக் கரையேற்றினார். ஜின்-ஷுய் அண்ணன் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுக்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

பிறகு அந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். என்ன கண்டார் தெரியுமா? நாங்கள் இருவரும் வெளியேறிய பிறகு, பாக்கியிருந்த ஆர்டர்களுக்காகக் கடைசியாகச் செய்த பலகைகளில் நிறுவனம் வேறொரு மலிவான நினைவகச் சில்லை, அதாவது சிப்பை, வைத்துவிட்டது. பலகையின் மேல் அச்சிட்ட எண்ணை மாற்றவில்லை. ஒருவருக்கும் சொல்லவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். புதிய பதிப்பில் பழைய சில்லு ஓடியது, மலிவான சில்லு திணறி நின்றது.

குற்றம் யாருடையது? எல்லாரும் பார்க்கும்படி, "இது என் தவறல்ல" என்று எழுதியிருக்கலாமா இல்லையா? எழுதியிருக்கலாம்! ஒவ்வொரு எழுத்தும் உண்மையாக இருந்திருக்கும்! அவர் எழுதியது வேறு. சில்லு மாறியிருப்பதை எல்லாருக்கும் தெரிவித்தார். அடுத்த வரியில், "பதிப்பை வெளியிட்டது நான்" என்று எழுதினார். பிறகு ஜின்-ஷுய் அண்ணனின் குளக்கரைக்கு நடந்து போனார்.

"பொட்டி ஏன் நின்னுச்சுன்னு தெரிஞ்சுபோச்சு அண்ணே."

"தெரிஞ்சு? என் மீனு எந்திரிச்சு வருமா?"

"வராது அண்ணே."

அவ்வளவுதான் பேச்சு. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த ஆண்டு முழுவதும் அந்தக் கடைப் பக்கமே அவர் வரவில்லை.

அந்தக் கோடைக்குப் பிறகு அக்கா மாறிப்போனார். எதையும் நம்ப மாட்டார். ஒவ்வொரு பதிப்பையும் பல தடவை போட்டு, அணைத்து, எழுப்பிப் பார்ப்பார். "அக்கா, இது போதுமே" என்று நான் சொன்னால், "குளத்துல எறங்கி நின்னவ நானு. போதுமான்னு எனக்குத் தெரியும்" என்பார். சாப்பாடு குறைந்தது. பேச்சு குறைந்தது. வெளியிட்ட பிறகு, யாராவது கதவைத் தட்டுவார்களோ என்று கடை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் செய்த சேவையைப் புகழ வந்திருக்கிறோம். அந்தச் சேவை அவரை என்ன செய்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மறு ஆண்டு ஜின்-ஷுய் அண்ணன் வந்தார். கையில் ஒரு மீன் கூடை. கூடையில் மீன் இல்லை. கரையோரம் முழுக்க அலைந்து, வீடு வீடாகக் கேட்டு, பழுதான பெட்டிகளிலிருந்து கழற்றிய பலகைகள் இருந்தன.

"இந்தா தங்கச்சி. எல்லா ரகத்துலயும் ஒண்ணு உன்கிட்ட இருக்கட்டும். போட்டுப் பாத்துட்டுக் குடு."

அக்கா கூடையை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். போ-ரென் அண்ணன்தான் சூழ்நிலையைக் கெடுத்தார். "அண்ணே, இந்தக் கூடை நாத்தத்துல என் கடைக்கு ஒரு பய வரமாட்டான். மொதல்ல உக்காந்து முட்டை அடை சாப்புடுங்க." அன்று மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

ஆனால் சேர்ந்து வேலை செய்ய யாரும் வரவில்லை, அன்பர்களே! இதை நான் எப்படிச் சொல்வேன்? ஒவ்வொரு வெளியீட்டின் தலைப்பிலும் அக்கா ஒரே வரியை எழுதினார்: "உதவிக்கு ஆள் தேவை." இறக்கிக்கொள்ள ஆயிரம் பேர் வந்தார்கள். உதவிக்கு வந்தவர் யார்? கேள்விகளுக்குப் பதில் எழுதிய எனக்குக்கூட அந்த வேலையில் கைவைக்கத் தெரியாது.

அந்த நேரத்தில்தான் இயங்குதளத் திட்டம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பலகைக்கும் இரண்டு பராமரிப்பாளர்களாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது ஆதரவுப் பட்டியலிலிருந்து நீங்கும். விதியைக் கொண்டுவந்தவர் திட்டத்தின் தலைவி லாய் யூ-சின். இதோ, மேடையில் இருக்கிறார். அன்று நடந்த கூட்டத்தில் இருவருக்கும் நடந்த பேச்சை அவரும் மறந்திருக்க மாட்டார்.

"அக்கா, உங்களத் தவிர யாருமே இல்ல. நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"ஆனா அப்பப் பாத்துக்கலாம்."

"யாரு பாத்துக்குவா?"

"ஏம்மா, நீ போர்ட நிறுத்தப் பாக்குறியா, என்னை நிறுத்தப் பாக்குறியா?"

அக்கா கோபித்துக்கொண்டு எழுந்து போனார். தன் பலகைகளையெல்லாம் திட்டத்திலிருந்து பிரித்தெடுத்துத் தனியாகவே நடத்தினார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

பிறகு நோய் வந்தது. கணையத்தில். கண்டுபிடித்தபோதே கடைசிக் கட்டத்தில் இருந்தது. போ-ரென் அண்ணனிடமும் என்னிடமும் மட்டும் சொன்னார். ஜியாயி மருத்துவமனைப் படுக்கையிலும் ஒரு பலகையைக் கூட வைத்துக்கொண்டார். செவிலி ஒருத்தி அதைப் பார்த்துத் திகைத்து, "அம்மா, கட்டில்ல இப்படி ஒயரெல்லாம் வெக்கக் கூடாது. என்னது இது?" என்றாள்.

"பயப்படாத, வெடிக்காது. என்னைவிட வயசு கம்மி, என்னைவிட நல்லா இருக்கு."

அந்தப் படுக்கையில்தான் அவர் ஒரு முடிவெடுத்தார். நாங்கள் யாரும் எதிர்பார்க்காத முடிவு. ஒருநாள் பிற்பகல் என்னை அருகில் அழைத்து, "ஜியா-ஹொங், நிறுத்திடலாம்" என்றார். நான் சிகிச்சையைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "போர்டுகளைச் சொல்றேன். எல்லாத்தையும். வருஷப் பொறப்போட நிறுத்தறோம்னு அறிவிப்பு எழுதிட்டேன். படிச்சுப் பாத்து எழுத்துப் பிழை இருந்தாச் சொல்லு."

படித்தேன். பிழை இல்லை. எனக்குத்தான் எழுத்துகள் தெரியவில்லை.

செய்தி கேட்டு ஜின்-ஷுய் அண்ணன் பேருந்து ஏறி ஓடிவந்தார்.

"நிறுத்தப் போறியாமே?"

"ஆமா அண்ணே."

"எத்தன பேரு உன்ன நம்பி இருக்கோம்!"

"அதனாலதான் அண்ணே. பாத்துக்க ஆள் இல்லாதப்ப பாத்துக்கறேன்னு சொல்றது பொய். நான் போனதுக்கப்புறம் பொட்டி நல்லாத்தான் இருக்குன்னு நம்பி நீங்க எல்லாம் தூங்குவீங்க. இன்னொரு குளம் மெதக்கக் கூடாது. ஊர்ல எல்லாருக்கும் சொல்லுங்க, வேற பொட்டிக்கு மாறிக்கச் சொல்லுங்க."

ஜின்-ஷுய் அண்ணன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சன்னலருகே போய்விட்டார். வாழ்நாள் முழுவதும் கட்டிக் காத்த ஒன்றைத் தன் கையாலேயே மூடுகிறவரின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்! கண்ணீர் விடவில்லை அவர். கத்தவில்லை. கைப்பேசியை எடுத்துத் தரச் சொல்லி யூ-சினை அழைத்தார். அவர்கள் பேசி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

"யூ-சின், அன்னிக்கு நீ சொன்னது சரி. நான்தான் புடிவாதமா இருந்துட்டேன். ஒருத்தரா இதச் செய்யக் கூடாது. யாராவது ரெண்டு பேரு ஒண்ணா வந்தா மட்டும் தொடருங்க. ஒருத்தர் தனியா வந்தா, எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் திருப்பி அனுப்பிடு. எனக்கு நடந்தது போதும்."

அதற்குப் பிறகு வலிக்கு மருந்து கொடுத்தார்கள். பேச்சு நின்றது. மூன்றாம் நாள் காலை, போ-ரென் அண்ணன் கைபிடித்திருக்க, ஷென் லி-யுன் நம்மை விட்டுப் போனார்.

அன்பர்களே! எங்கள் துறையில் சாவு வெளியே தெரிவதில்லை. ஒருவர் எழுதிய வரிகள் அவர் போன பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். விளக்கு மினுக்கும். சக்கரம் சுழலும். எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும். ஒரு காலையில் ஏதோ ஒன்று நிற்கும், அப்போது கூப்பிட்டால் பதில் வராது. அந்த ஏமாற்றத்தை நமக்கு விட்டுவைக்கக் கூடாது என்று சாகும் நேரத்தில் கவலைப்பட்டாரே, அவரை என்ன சொல்லிப் புகழ்வேன்? பொறியாளர் என்பதா? பராமரிப்பாளர் என்பதா? பொறுப்பு என்ற சொல்லை நான் இளமையிலிருந்து கேட்டு வந்திருக்கிறேன். அதன் எடையை அந்தக் கட்டிலருகில்தான் உணர்ந்தேன்.

இனி என்ன? அறிவிப்பை வெளியிடும் நாள் நெருங்கிவிட்டது. இன்று காலை ரயில் நிலையத்தில் யூ-சினை அழைத்துவரப் போயிருந்தேன். வண்டியில் வரும்போது, "குளத்து போர்ட நான் கத்துக்கலாம்னு இருக்கேன், ஆனா நான் ஒரு ஆளு, அக்கா ஒத்துக்க மாட்டாங்க" என்றேன். அவர் வெளியே உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ரெண்டாவது பேரா என் பேரப் போடுங்க அண்ணே."

"உனக்கு நேரம் ஏதும்மா? அவ்வளவு பெரிய திட்டத்த நடத்துற."

"அக்காவுக்கு மட்டும் இருந்துச்சா?"

இரண்டாவது பெயராக அவர் பெயரையே எழுதிக்கொண்டேன்.

ஆகவே, இந்த அவையின் முன்னால் நாங்கள் இருவரும் உறுதி சொல்கிறோம். குளத்துப் பெட்டியில் இருக்கும் பலகையை, அதன் இரண்டு சில்லு ரகங்களையும், நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். அதை மட்டும்தான். தேயிலைத் தோட்டத்துப் பலகை, பள்ளிக்கூட நூலகங்களின் பலகை, ஒசாகா நண்பர்கள் மழையளவு பார்க்க வைத்திருக்கும் பலகை, அவற்றை எங்களால் தூக்க முடியாது. அக்கா தனியாகத் தூக்கிய சுமை அவ்வளவு பெரியது. அவற்றுக்கு வருடப் பிறப்போடு நிறுத்தம் என்ற அறிவிப்பு, அவர் எழுதியபடியே, நாளை வெளியாகும். திரைக்கு அப்பால் இருப்பவர்களே, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் இரண்டு பேர் சேர்ந்து முன்வந்தால், நானும் யூ-சினும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தெரிந்ததைச் சொல்லித் தருகிறோம். ஒருவர் மட்டும் வராதீர்கள்.

குளத்துக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மாற்றுப் பெட்டி வாங்க முடிந்தவர்கள் மாறிக்கொள்ளுங்கள். எங்களிடமே தங்குகிறவர்கள், எங்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். முதல் பதிப்பை நாங்கள் வெளியிடும்போது குளக்கரையில் ஆள் நிற்கட்டும். இதைச் சற்று முன்பு வாசலில் ஜின்-ஷுய் அண்ணனிடம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மொதல்ல என் குளத்துலயே போடுங்க" என்றார். "அண்ணே, தப்பாப் போயிடுச்சுன்னா?" என்று கேட்டேன். "அதுக்குத்தான் சொல்றேன். அடுத்தவன் குளத்துல போட்டுத் தப்பாப் போனா, அவனுக்கு நம்ம லி-யுன் யாருன்னு தெரியாது, அவளத்தான் திட்டுவான்" என்றார்.

போ-ரென் அண்ணே, உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பின்னறையின் சாவியை எங்களிடம் கொடுத்திருக்கிறீர்கள். கடை திறக்கும் நேரத்துக்கு நாங்கள் வருவோம், கூட்டம் குறையும் வரை ஓரமாகக் காத்திருப்போம்.

லி-யுன் அக்கா! வேலை முழுதாகத் தெரியாத இரண்டு பேரிடம் விட்டுவிட்டுப் போகிறீர்கள். தடுமாறுவோம். மெதுவாகத்தான் கற்றுக்கொள்வோம். தெரியாததைத் தெரியாது என்று வெளியில் சொல்வோம். முடியாத நாள் வந்தால், முடியவில்லை என்று நாங்களே அறிவித்துவிட்டு நிறுத்துவோம். அதுவரை நிறுத்த மாட்டோம். நீங்கள் போய் ஓய்வெடுங்கள். இனி கடை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அக்கா. யார் கதவைத் தட்டினாலும் நாங்கள் எழுந்து போகிறோம்.